வயிற்று வலிக்குப் பின்னால் வரும் சுகர்: டைப் 1-ம் இல்லை, டைப் 2-ம் இல்லை... அப்போ இது என்ன?

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் சாயங்காலக் கூட்டத்தைக் கவனித்தால் இரண்டு குரல் கட்டாயம் கேட்கும். "அண்ணே, கேஸ் மாத்திரை ரெண்டு குடுங்க, வயிறு இழுத்துப் பிடிக்குது" என்பது ஒன்று. "சுகர் மாத்திரை, ஒரு மாசத்துக்கு" என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டையும் கேட்பது வேறு வேறு ஆட்கள்தான். சில நேரம் ஒரே ஆள். பல வருடமாக முதல் மாத்திரையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது இரண்டாவதையும் சேர்த்துக் கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே உறுப்புதான் காரணமாக இருக்கலாம் என்பது கடைக்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பல நேரம் வாங்குபவருக்கும் தெரிவதில்லை.

அந்த உறுப்பு கணையம். அது வருடக்கணக்கில் வீங்கி, தழும்பாகி, கெட்டுப்போகும் நோய்க்கு நாள்பட்ட கணைய அழற்சி என்று பெயர். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சுகர் வரும் ஆபத்து மிக அதிகம். அப்படி வரும் சுகரும் வழக்கமான சுகர் அல்ல. மாத்திரை வேறு, ஆபத்து வேறு, கவனிக்க வேண்டியவையும் வேறு. ஆனால் நோயாளியின் சீட்டில் அநேகமாக 'டைப் 2' என்றுதான் எழுதியிருக்கும்.

2025 ஏப்ரலில் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு பாங்காக் மாநாட்டில் 'டைப் 5' என்ற புது வகையை அங்கீகரித்தது. ஒல்லியானவர்களுக்கு, ஊட்டச்சத்துக் குறைவால் வரும் சுகர் என்று செய்தி பரவியதும், வயிற்று வலியும் சுகரும் சேர்ந்த ஒல்லி ஆட்கள் பலருக்கும் 'நமக்கு இதுதானோ' என்ற கேள்வி வந்திருக்கும். அநேகமாக இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் பின்னால் பார்க்கலாம்.

கணையத்துக்குள் என்ன நடக்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சுரப்பி கணையம். அதன் பெரும்பகுதி ஜீரண நீர் தயாரிக்கும் தொழிற்சாலை. கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றையும் உடைக்கும் நொதிகள் இங்கிருந்துதான் குழாய் வழியாகச் சிறுகுடலுக்குப் போகின்றன. இந்தத் தொழிற்சாலைக்குள் அங்கங்கே சின்னச் சின்னத் தீவுகள் மாதிரி சில செல் கூட்டங்கள் இருக்கின்றன. மொத்தக் கணையத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். இன்சுலின் சுரப்பது இந்தத் தீவுகள்.

நாள்பட்ட அழற்சியில் முதலில் அடிவாங்குவது தொழிற்சாலைப் பகுதி. ஜீரண நீர் கெட்டியாகிறது, குழாய் அடைபடுகிறது, சுண்ணாம்புக் கற்கள் சேர்கின்றன, சதை தழும்பாக இறுகுகிறது. வலி பெரும்பாலும் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். தீவுகள் தொடக்கத்தில் தாக்குப்பிடிக்கும். ஆனால் சுற்றியுள்ள நிலம் இறுகி, ரத்த ஓட்டம் குறையும்போது அவையும் ஒவ்வொன்றாகப் போகின்றன.

இன்சுலின் மட்டும் போவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் அதை மேலே தூக்கிவிடும் குளுக்கோகான் என்ற ஹார்மோனும் அதே தீவுகளில்தான் சுரக்கிறது. அதுவும் சேர்ந்தே குறைகிறது. வண்டிக்கு ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டும் பழுதான கதை. சுகர் ஏறினால் இறக்க ஆள் இல்லை, இறங்கினால் ஏற்றவும் ஆள் இல்லை. இந்த வகைச் சுகரின் எல்லாத் தொல்லைகளுக்கும் வேர் இங்கேதான்.

எத்தனை பேருக்கு வரும்?

தென்னிந்தியாவில் ஒரு லட்சம் பேரில் 114 முதல் 200 பேருக்கு நாள்பட்ட கணைய அழற்சி இருப்பதாக 2004-ல் வெளியான ஆசிய-பசிபிக் கணக்கெடுப்பு சொன்னது. உலகின் பல பகுதிகளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். சுகரோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இந்தப் பெருங்கூட்டத்துக்குள் கணையச் சுகர்க்காரர்கள் கரைந்துபோவது அதனால்தான்.

கணைய அழற்சி உள்ளவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் தலைகீழாக மாறும். பிரான்சில் 500 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் தொடங்கி 25 வருடத்தில் 83 சதவீதம் பேருக்குச் சுகர் வந்திருந்தது. 54 சதவீதம் பேருக்கு இன்சுலின் தேவைப்பட்டது. அங்கே பெரும்பாலானோருக்குக் காரணம் மது என்பதால் எண்களை அப்படியே மதுரைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் போக்கு ஒன்றுதான். கேள்வி 'வருமா' என்பதைவிட 'எப்போது' என்பதுதான். கல் சீக்கிரமே விழுந்தவர்களுக்குச் சுகரும் சீக்கிரம் வந்தது. கணையத்தின் வால் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கும் ஆபத்து கூடியது. தீவுகள் வால் பக்கம்தான் நெருக்கமாக இருக்கின்றன. வலிக்காகச் செய்யும் எல்லா அறுவையும் சுகரைக் கொண்டுவரும் என்று இதற்கு அர்த்தமில்லை. அடைத்த குழாயைத் திறந்து குடலோடு இணைக்கும் அறுவை வேறு, வாலை வெட்டுவது வேறு. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் 'எந்தப் பகுதியை எடுக்கப்போறீங்க டாக்டர்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

கேரளத்திலிருந்து சென்னை வரை ஒரு பழைய கதை

மது குடிக்காத, ஒல்லியான, சின்ன வயசு ஆட்களுக்குக் கணையம் முழுக்கக் கல்லும் கூடவே சுகரும் வருவதை 1950களில் இந்தோனேசியாவில் சுய்டெமா என்ற டச்சு மருத்துவர் விரிவாகப் பதிவு செய்தார். அதைவிடப் பெரிய அளவில் அதைக் கண்டவர் கேரளத்தின் டாக்டர் பி.ஜே.கீவர்கீஸ். கணைய நீரிழிவைப் பற்றி மட்டுமே 1968-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைப் பருவத்தில் வயிற்று வலி, வயதுக்கு வரும் நேரத்தில் சுகர், வாழ வேண்டிய வயதில் சாவு என்று அவர் அந்த நோயைச் சுருக்கினார். அன்றைக்கு நிலைமை அப்படித்தான் இருந்தது.

சென்னையில் டாக்டர் எம்.விஸ்வநாதனும் அவருக்குப் பின் டாக்டர் வி.மோகனும் இதே நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள். 370 பேரின் வாழ்நாளைக் கணக்கிட்டு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் வயிற்று வலி வந்து 35 வருடம் கழித்தும் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீவர்கீஸ் பார்த்ததற்கும் இதற்கும் நடுவில் இன்சுலினும் ஊட்டச்சத்தும் செய்த வேலை அது.

காரணம் என்ன என்பதில் பல வருடம் மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி விழுந்தது. கேரளத்தில் ஏழைகளின் உணவு அது, அதில் சயனைடு சார்ந்த பொருள் இருக்கிறது என்பது வாதம். ஆனால் கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் நோய் வந்தது, தினமும் சாப்பிட்ட பெரும்பாலானோருக்கு வரவில்லை. 2002-ல் கவனம் மரபணு பக்கம் திரும்பியது. கணைய நொதிகள் உள்ளேயே வெடித்துவிடாமல் காக்கும் ஸ்பின்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம், இந்திய, வங்கதேச நோயாளிகளில் கணிசமானவர்களிடம் இருந்தது. அந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது தீக்குச்சி இல்லை, காய்ந்த சருகு.

பழைய மாதிரி நோயாளிகள், அதாவது எலும்பும் தோலுமான 20 வயது பிள்ளைகள், இப்போது குறைந்துவிட்டார்கள். 1,086 நோயாளிகளை வைத்து 2008-ல் வெளியான இந்திய அளவிலான ஆய்வில் அந்தப் பழைய இலக்கணத்துக்குப் பொருந்தியவர்கள் 3.8 சதவீதம் மட்டுமே. 38.7 சதவீதம் பேருக்குக் காரணம் மது. சுமார் 60 சதவீதம் பேருக்குக் காரணமே பிடிபடவில்லை. 'எனக்குக் குடிப்பழக்கம் இல்லையே, கணையம் எப்படிக் கெடும்?' என்று கேட்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். கணைய நோய் என்றதும் 'தம்பி குடிப்பீங்களா?' என்ற பார்வையோடு ஆரம்பிக்கும் சொந்தக்காரர்களும்தான். சிகரெட் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும் என்பது மட்டும் யாரும் பேசாத விஷயமாக இருக்கிறது.

டைப் 3சி, டைப் 5... ஏன் இந்தப் பெயர்க் குழப்பம்?

1985-ல் உலக சுகாதார நிறுவனம் 'ஊட்டச்சத்துக் குறைவு சார்ந்த நீரிழிவு' என்று ஒரு வகையைச் சேர்த்தது. அதற்குள் இரண்டு பிள்ளைகள்: கணையத்தில் கல்லோடு வரும் சுகர் ஒன்று, கல் இல்லாமல் வரும் சுகர் ஒன்று. 1990களின் கடைசியில் வகைப்பாடு மாறியபோது அந்த வகையே நீக்கப்பட்டது. கல் உள்ள பிள்ளை 'கணைய நோய்களால் வரும் நீரிழிவு' என்ற வீட்டுக்குக் குடிபோனது. அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் 1997 பட்டியலில் மூன்றாவது தலைப்பு 'பிற வகைகள்', அதில் சி பிரிவு கணைய நோய்கள். டைப் 3சி என்ற பெயர் வந்தது இந்த வரிசை எண்ணால்தான், வேறு மர்மம் எதுவும் இல்லை.

கல் இல்லாத இன்னொரு பிள்ளைக்கு வீடே இல்லாமல் போனது. வேலூர் சிஎம்சி மருத்துவர் நிஹால் தாமஸ், நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸ் போன்றவர்கள் பல வருடம் வாதாடி வாங்கிக் கொடுத்த வீடுதான் டைப் 5. கணைய அழற்சி இல்லாத, ஊட்டச்சத்துக் குறைவால் இன்சுலின் சுரப்பு குன்றிய ஒல்லியானவர்களுக்கானது அது. ஆக ஸ்கேனில் கல்லும் தழும்பும் தெரிந்தால் அது டைப் 5 இல்லை, 3சி. டைப் 5-க்கு இன்று கிடைத்திருக்கும் வெளிச்சத்தில், அதனுடன் பிறந்த 3சி இன்னும் இருட்டிலேயே நிற்கிறது என்பது கொஞ்சம் விநோதம்தான். இங்கே அதைப் பற்றி ஐம்பது வருடத்துக்கு மேல் தெரியும்.

டைப் 2 என்று எழுதிவிட்டால் என்ன நஷ்டம்?

இங்கிலாந்தில் 20 லட்சத்துக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளை அலசி சர்ரே பல்கலைக்கழகம் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கணைய நோய்க்குப் பின் சுகர் வந்தவர்களில் 87.8 சதவீதம் பேரின் பதிவில் டைப் 2 என்றே இருந்தது. சரியான பெயர் எழுதப்பட்டவர்கள் 2.7 சதவீதம். கணினிமயமான அந்த நாட்டிலேயே இப்படி என்றால், பாலிதீன் பையில் பழைய சீட்டுகளைச் சுருட்டி எடுத்து வரும் நம் ஊரில் நிலைமையை ஊகிக்கலாம்.

பெயர் மாறினால் என்ன, சுகர் சுகர்தானே என்று தோன்றலாம். முதல் சிக்கல் லோ சுகர். இன்சுலினோ, கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சுகர் சட்டென்று இறங்கும். சாதாரணமாக குளுக்கோகான் ஓடிவந்து காப்பாற்றும். இங்கே அது இல்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வெயிலில் நிற்பது, விரதம், நைட் ஷிப்ட், வெறும் வயிற்றில் மது எல்லாமே இவர்களுக்கு மற்ற சுகர்க்காரர்களைவிடக் கூடுதல் ஆபத்து. பாக்கெட்டில் குளுக்கோஸ் இல்லாமல் தெற்குவாசல் பாலத்தைக்கூடத் தாண்டக்கூடாது என்று சொன்னால் மிகை இல்லை.

இதற்கு நேர்மாறாக, டைப் 1-ல் பயமுறுத்தும் கீட்டோன் மயக்கம் இவர்களுக்கு அபூர்வம். இன்சுலின் முழுதாக வற்றுவதில்லை, குளுக்கோகானும் குறைவு என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஒல்லியான இளைஞர், சுகர் 400, ஆனால் கீட்டோன் இல்லை என்றால் டாக்டருக்குக் கணையத்தின் மேல் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்தது மருந்துத் தேர்வு. ஆரம்ப கட்டத்தில், உடம்பில் சதை இருந்தால் மெட்ஃபார்மின் உதவும். ஆனால் அது பசியைக் குறைக்கும், வயிற்றைப் புரட்டும். ஏற்கெனவே மெலிந்து, சாப்பிட்டது ஒட்டாமல் இருப்பவருக்கு அது சரிப்படாது. அவருக்கு இன்சுலின்தான் மருந்து, உடம்பு தேறவும் அதுவே வழி. 'இன்சுலின்னா கடைசி ஸ்டேஜ்' என்ற நம்ம ஊர் நம்பிக்கை மற்ற யாரையும்விட இவர்களைத்தான் அதிகம் கெடுக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் போல சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் மாத்திரைகளை இன்சுலின் குறைந்த மெலிந்த உடம்புக்குக் கொடுக்க டாக்டர்கள் யோசிப்பார்கள்.

இப்போது பேச்சில் அடிபடும் ஊசிகள் இன்னொரு விஷயம். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி இந்தியாவுக்கு வந்தபின், எடை குறைக்கவும் சுகருக்கும் அவற்றைக் கேட்டு வாங்குவது ஐடி அலுவலகங்களில் சகஜமாகிவிட்டது. இவற்றின் எச்சரிக்கைச் சீட்டில் கணைய அழற்சி என்ற வார்த்தை இருக்கிறது. ஏற்கெனவே கணையம் கெட்டவர்களுக்கு இந்த ஊசிகளையும், கிளிப்டின் வகை மாத்திரைகளையும் பொதுவாகத் தவிர்க்கவே சொல்கிறார்கள். சீட்டில் வெறும் டைப் 2 என்று இருந்தால், புது டாக்டருக்கு இதைத் தவிர்க்கத் தோன்ற என்ன வழி இருக்கிறது?

கடைசியாக, யாரும் கேட்காத மலம். கழிப்பறையில் எண்ணெய் மிதக்கிறதா, ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்கிறதா, நாற்றம் அதிகமா? கொழுப்பு ஜீரணமாகவில்லை என்பதன் அடையாளம் அது. வைட்டமின் ஏ, டி, இ, கே நான்கும் அதோடு வெளியேறுகின்றன. எலும்பு தேய்கிறது. இதற்குக் கணைய நொதி கேப்சூல் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னாலும் இல்லை, முடித்தபின்னும் இல்லை, முதல் வாயோடும் நடுவிலும் விழுங்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி கழித்துப் போட்டால் காசு வீண். இந்த நொதி பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. மதத்தாலோ சைவத்தாலோ தயக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் நேராகப் பேசிவிடுவது நல்லது. சொல்லாமல் நிறுத்திவிடுபவர்களுக்குத்தான் சிக்கல். கேப்சூல் ஆரம்பித்ததும் சாப்பாடு நன்றாக ஒட்டும், சுகர் அளவும் மாறும், இன்சுலின் அளவைத் திருத்த வேண்டிவரும்.

கண்ணும் சிறுநீரகமும் தப்பிக்குமா?

இது 'இரண்டாம்தரச் சுகர்', கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதிக்காது என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பியது. சென்னை ஆய்வுகள் அதைப் பொய்யாக்கின. விழித்திரைப் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, கால் மரத்துப்போவது எல்லாம் இவர்களுக்கும் வருகின்றன. மாரடைப்பு மட்டும் ஒப்பீட்டளவில் குறைவு.

கணையப் புற்றுநோய் பற்றிப் பயமுறுத்தாமல், மறைக்காமலும் சொல்ல வேண்டும். சென்னை நோயாளிகளை வைத்து சுரேஷ் சாரி, மோகன் உள்ளிட்டோர் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், கல் உள்ள வெப்பமண்டலக் கணைய அழற்சிக்காரர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு என்று வந்தது. ஆய்வில் இருந்தவர்கள் சில நூறு பேர்கூட இல்லை என்பதால் அந்த எண்ணை அச்சு அசலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வலியின் தன்மை திடீரென மாறினாலோ, காரணமில்லாமல் எடை விழுந்தாலோ, கட்டுப்பாட்டில் இருந்த சுகர் எகிறினாலோ 'பழைய கணைய வலிதானே' என்று விட்டுவிடக் கூடாது.

மதுரையில் யார், என்ன செய்ய வேண்டும்?

கணைய அழற்சி உறுதியானவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சுகர் பார்க்க வேண்டும். அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல் இதுதான். திடீர்க் கணைய அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களும் 3 முதல் 6 மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு வருடா வருடம். எச்பிஏ1சி ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ரத்தசோகையும் சத்துக்குறைவும் சேர்ந்தால் அது தப்புக் கணக்கு காட்டும். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையும் வேண்டும், எல்லைக்கோட்டில் இருந்தால் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையும்.

மறுபக்கம், ஏற்கெனவே சுகர் உள்ளவர்களில் யாருக்குக் கணையத்தைப் பார்க்க வேண்டும்? இளவயது, ஒல்லி, வருடக்கணக்கில் மேல்வயிற்று வலி, எண்ணெய் மலம், குடும்பத்தில் சுகர் இல்லை: இதில் இரண்டு மூன்று சேர்ந்தாலே ஒரு வயிற்று ஸ்கேன் கேட்கலாம். பெரிய கற்கள் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும், ஆரம்ப நிலைக்கு சிடி அல்லது எம்ஆர்ஐ தேவைப்படும். எண்டோஸ்கோபி செய்து 'அல்சர் இல்லை, நார்மல்' என்று வந்தால் வயிற்று வலி கற்பனை என்று ஆகிவிடாது. எண்டோஸ்கோபி பார்ப்பது இரைப்பையின் உள்பக்கம், கணையம் அதற்குப் பின்னால் இருக்கிறது. கணைய நோய் உள்ள எல்லோருடைய சுகரும் 3சி என்பதும் இல்லை. அப்பா அம்மா இருவருக்கும் சுகர், தொப்பையும் இருக்கிறது என்றால் அது டைப் 2-ஆகவே இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

வில்லாபுரத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரைப்பை-குடல் துறையும் உண்டு, நீரிழிவுத் துறையும் உண்டு. நோயாளி இரண்டுக்கும் தனித்தனியாகப் போய், ஒரு இடத்துச் சீட்டை இன்னொரு இடத்தில் காட்டாமல் வருவதுதான் வழக்கமாக நடப்பது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம், பலரின் நாள் கூலியை மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனால் மாதா மாதம் மாத்திரை வாசலுக்கு வந்துவிடுவதால், 'இந்த மாத்திரை இவருக்குச் சரியா' என்ற கேள்வியை டாக்டரிடம் கேட்கும் சந்தர்ப்பம் குறையவும் செய்கிறது. மாத்திரை கொடுக்க வரும் பணியாளர், 'அடிக்கடி வயித்து வலி வருமாக்கா? எடை குறைஞ்சிருக்கா?' என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டு, ஆமாம் என்பவர்களை ராஜாஜிக்கு அனுப்பினால் அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. அங்கே போகும்போது பழைய ஸ்கேன் ஃபிலிமையும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். கல் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் பல வீடுகளில் பீரோவுக்கு மேலேயே கிடக்கிறது.